லாக்கரில் இருந்த பாஸ்போர்ட்டும் மூன்றாம் நாள் கணக்கும்: ஒரு புது நோட்டரியின் லோன் சைனிங் அனுபவம்

2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் பக்கத்தில் நடந்தது இது. நோட்டரி கமிஷன் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது, இது எனக்கு ஆறாவது லோன் சைனிங், அதாவது வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் வேலை. இதில் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தேன், இன்னொன்றில் நன்றாகச் சொதப்பினேன். சொதப்பியதன் விலை மற்றவர்கள் தலையில் விழுந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதே இரண்டு இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன், அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

கலிபோர்னியாவில் நோட்டரி ஆவதற்கு வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. ஆறு மணி நேர வகுப்பு, ஒரு தேர்வு, கைரேகை வைத்துக் குற்றப் பின்னணி சோதனை, 15,000 டாலருக்கு ஒரு பாண்ட் (நம் தவறால் யாருக்காவது நஷ்டம் வந்தால் ஈடுகட்டும் உத்தரவாதம்), கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் உறுதிமொழி, அவ்வளவுதான், நான்கு வருடத்துக்குக் கமிஷன் கிடைத்துவிடும். இந்தியாவில் அப்படி இல்லை. அங்கே 1952-ஆம் வருட நோட்டரி சட்டத்தின் கீழ் பொதுவாகப் பத்து வருடம் வக்கீல் தொழில் செய்தவரைத்தான் நோட்டரியாக நியமிப்பார்கள். இந்த வித்தியாசத்தை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஆட்களுக்கு நோட்டரி என்றாலே வக்கீல் என்ற எண்ணம், அன்று அதுவும் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது.

மாநிலம் நடத்தும் தேர்வில் அடமானக் கடன் பத்திரக் கட்டை எப்படி முடிப்பது என்பது பாடம் இல்லை. ஆளை அடையாளம் காண்பது, ஜர்னல் (நோட்டரி தான் செய்ததைப் பதியும் ஏடு) எழுதுவது, சான்றிதழ் வாசகம், இவைதான் பாடம். லோன் சைனிங் என்பது அதன் மேல் நாமே கற்றுக்கொள்ளும் தனி வேலை. கடன் கொடுக்கிறவர் எஸ்க்ரோ ஆபிசருக்கு (இரு தரப்புக்கும் நடுவில் நின்று பணத்தையும் பத்திரங்களையும் கையாள்பவர்) பத்திரங்களை அனுப்புவார், எஸ்க்ரோ ஒரு சைனிங் கம்பெனியிடம் சொல்லும், அந்தக் கம்பெனி குறுஞ்செய்தியில் யார் முதலில் 'சரி' என்று சொல்கிறார்களோ அவர்களுக்கு வேலையைக் கொடுக்கும். ஒரு அக்னாலெட்ஜ்மெண்டுக்கு (கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்று சான்றளிப்பது), ஒரு கையெழுத்துக்கு, நோட்டரி வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 15 டாலர். மொத்தப் பத்திரக் கட்டையும் அச்சடித்துக் கொண்டுபோய் முடித்துத் திருப்பி அனுப்ப எனக்குப் பேசியது 100 டாலர். பேப்பரும் டோனரும் என் செலவு.

இந்த வேலை ஒரு ரீஃபைனான்ஸ். தம்பதி குடியிருக்கும் சொந்த வீடு, 2018-ல் 4.875 சதவீதத்தில் வாங்கிய கடனை 3.5-க்கு மாற்றுகிறார்கள். அந்தச் சமயத்தில் வட்டி இறங்கிக்கொண்டே போனதால் ஊரே ரீஃபைனான்ஸ் செய்துகொண்டிருந்தது. கடன் கணவர் பேரில் மட்டும். ஆனால் வீடு இருவர் பேரிலும் இருந்ததால் வீட்டை ஈடு வைக்கும் டீட் ஆஃப் டிரஸ்டில் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். பணம் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக்கொடுக்கும் பிராமிசரி நோட்டில் அவர் போட வேண்டியதில்லை. நோட்டை நாம் நோட்டரைஸ் செய்வதும் இல்லை. எனக்கு முதல் சைனிங்கில் இதுவே புரியவில்லை.

வியாழக்கிழமை, பிப்ரவரி 13

சைனிங் மாலை ஆறரைக்கு. பத்திரங்கள் மின்னஞ்சலில் வந்தது நாலே முக்காலுக்கு. 160 பக்கம், அவர்களுக்கு ஒரு பிரதி எங்களுக்கு ஒரு பிரதி, ஆக 320. என்னிடம் அப்போது ஒரே தட்டு உள்ள பிரிண்டர்தான். இடையிடையே நீளத் தாள் கேட்கும் பக்கங்கள் வரும், அங்கே நின்று தாளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். கிளம்பும்போது ஒரு பக்கத்தைக்கூடப் படித்திருக்கவில்லை.

மதியமே கணவருக்குப் போன் செய்து நேரத்தை உறுதிசெய்திருந்தேன். "இரண்டு பேருக்கும் ஐடி இருக்கிறதல்லவா?" என்று கேட்டேன், "இருக்கு" என்றார். அந்தக் கேள்வி தப்பான கேள்வி.

கதவைத் திறந்தபோதுதான் இரண்டு பக்கமும் தமிழ் என்று தெரிந்தது, உடனே வீட்டின் சூழ்நிலையே மாறிவிட்டது. "அட, தம்பி நம்ம ஊரா" என்று காபி வந்தது, முறுக்கு வந்தது, மதுரையில் எந்தப் பக்கம் என்று விசாரணை வந்தது. நானும் சந்தோஷமாக உட்கார்ந்து கட்டைப் பிரித்து கணவரிடம் கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டேன். ஐடியைப் பார்த்து ஜர்னல் எழுதுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்பது அப்போது என் பழக்கம்.

நடுவில், செலவுக் கணக்கைக் காட்டும் குளோசிங் டிஸ்க்ளோஷரில், 'பாயிண்ட்' என்ற வரியில் (வட்டியைக் குறைக்க முன்கூட்டியே கட்டும் தொகை) அவர் விரல் நின்றது. "தம்பி, இது என்ன பாயிண்டுன்னு 1,900 டாலர்? லோன் புரோக்கர் இதைச் சொல்லவே இல்லையே. போடலாமா?" நான் யோசிக்காமல், "ரீஃபைனான்ஸ்னா இதெல்லாம் சகஜம்தான் அண்ணா" என்றேன். இது நான் சொல்லவே கூடாத வாக்கியம். நோட்டரி சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, கடனின் நிபந்தனை நல்லதா கெட்டதா என்று அபிப்பிராயம் சொல்லவும் கூடாது. எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டலாம், யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம், அதோடு சரி. அவரோ என்னை வக்கீல் என்றே நினைத்திருந்தார், அதனால் என் 'சகஜம்தான்' அவருக்கு ஒரு தீர்ப்பு மாதிரிக் கேட்டிருக்கும். ஒரு நிமிடம் கழித்து உறைத்தது. "அண்ணா, நான் சொன்னதை எடுத்துக்காதீங்க, நான் வக்கீல் இல்ல, புரோக்கரையே கேட்டுடுங்க" என்று போனை அவர் கையில் கொடுத்தேன். புரோக்கர் விளக்கினார். இதே டிஸ்க்ளோஷர் கையெழுத்துக்கு மூன்று வேலை நாள் முன்னாலேயே கணவருக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும், வந்தும் இருந்தது. போனில் வந்ததைப் படிக்காமல் ஓகே தட்டியிருக்கிறார்.

கிட்டத்தட்ட நாற்பது பக்கம் முடிந்த பிறகு மனைவியின் முறை வந்தது, லைசென்ஸைக் கேட்டு வாங்கினேன்.

பெயர்ச் சிக்கல்

டீட் ஆஃப் டிரஸ்டில் அவர் பெயரும் அதன் பின்னால் குடும்பப் பெயராகக் கணவர் பெயரும் இருந்தன. லைசென்ஸில் 'எஃப்.என்.யூ.' என்ற மூன்று எழுத்தும் அவர் பெயரும் மட்டும். கணவர் பெயர் எங்கேயும் இல்லை.

இந்த மூன்று எழுத்தின் கதை இங்கே இருக்கும் தமிழர் பலருக்குத் தெரிந்ததுதான். நமக்கு குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு வந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் இருக்கிற ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் 'தெரியாது' (First Name Unknown, அதுதான் எஃப்.என்.யூ.) என்று போட்டுவிடுவார்கள். அது அப்படியே லைசென்ஸுக்கும் போகும். இவர் பின்னால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது கணவர் பெயரைச் சேர்த்துவிட்டார், கிரீன் கார்டும் அப்படியே வந்தது, 2018-ல் வீட்டுப் பத்திரமும் அந்தப் பெயரில் பதிவாகிவிட்டது. லைசென்ஸை மட்டும் தபாலிலேயே புதுப்பித்துக்கொண்டிருந்ததால் அது பழைய பெயரிலேயே நின்றுவிட்டது.

பெயர் விஷயத்தில் இந்தத் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. பத்திரத்தில் இருப்பதைவிட ஐடியில் அதிகம் இருந்தால் பரவாயில்லை, ஐடியில் இல்லாத பெயர் பத்திரத்தில் இருந்தால் நிற்க வேண்டும். இது இரண்டாவது வகை.

அவர் உடனே கிரீன் கார்டை எடுத்து வந்தார். முழுப் பெயரும் அச்சு அசலாக அதில் இருந்தது. எனக்கு உயிர் வந்தது, எழுதக்கூட ஆரம்பித்துவிட்டேன், அப்புறம்தான் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. கலிபோர்னியா சட்டம் நோட்டரி ஏற்கக்கூடிய அடையாள ஆவணங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது, கிரீன் கார்டு அதில் இல்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது. "பாஸ்போர்ட் எங்க அக்கா?" என்றேன். "பேங்க் லாக்கர்ல." மணி ஏழே முக்கால்.

யார் என்ன சொன்னார்கள்

புரோக்கருக்குப் போன் செய்தேன். கட்டிலேயே பெயர் வேறுபாட்டு வாக்குமூலம் ஒன்று இருக்கிறதே, இரண்டு பெயரும் நானே என்று அவர் அதில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றார். சைனிங் கம்பெனியின் இரவு ஆளும் அதையே சொன்னார், கூடவே, "மற்ற நோட்டரிகள் எல்லாரும் செய்கிறார்கள்" என்றார். அந்த வாக்குமூலம் கடன் கொடுக்கிறவருடைய தேவைக்கானது, கையெழுத்துப் போடுகிறவர் தன்னைப் பற்றித் தானே சொல்வது. தான் யார் என்பதற்குத் தானே சாட்சியாக இருக்க முடியாது.

அடுத்த வழியைக் கணவர் சொன்னார், எதிர் வீட்டில் இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள், பத்து வருடப் பழக்கம், கூப்பிடட்டுமா என்று. நான் சொல்வதற்குள் அவர்கள் வந்தும் விட்டார்கள். சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. நோட்டரிக்குத் தெரியாதவர்களாக இருந்தாலும் இரண்டு நம்பகமான சாட்சிகள் தங்கள் ஐடியைக் காட்டி, சத்தியம் செய்து, இவர் இன்னார்தான் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சத்தியத்தில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது: இவரிடம் சட்டம் ஏற்கும் அடையாள ஆவணம் வேறு எதுவும் இல்லை, அப்படி ஒன்றைப் பெறுவது இவருக்கு மிகவும் கடினம் அல்லது முடியாதது என்று நம்புகிறேன், என்று. இங்கே பாஸ்போர்ட் லாக்கரில் இருக்கிறது, லாக்கர் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். அந்த இருவரையும் உட்காரவைத்து, வலது கையைத் தூக்கச் சொல்லி, அவர்களும் நானும் பொய் என்று அறிந்த ஒன்றைச் சொல்லவைக்க வேண்டும். வந்தவர்களில் ஒருவர், "அதெல்லாம் ஃபார்மாலிட்டிதானே பாஸ்" என்று சிரித்தார்.

உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிடம் தடுமாறினேன். 320 பக்கம் அச்சடித்தாகிவிட்டது, அவர்கள் வீட்டுக் காபியைக் குடித்தாகிவிட்டது, எதிரே இருப்பவர் அவர்தான் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனால் அக்னாலெட்ஜ்மெண்ட் சான்றிதழில் எழுதுவது 'எனக்குச் சந்தேகம் இல்லை' என்பது அல்ல, சட்டம் கேட்கும் ஆதாரத்தின் பேரில் நிரூபிக்கப்பட்டது என்பது. பொய் தண்டனைக்குரியது என்று தெரிந்தே அதில் கையெழுத்துப் போடுகிறோம். குடியிருப்பு வீட்டின் டீட் ஆஃப் டிரஸ்டில் தெரிந்தே மோசடிக்குத் துணைபோனால் அது கலிபோர்னியாவில் பெரிய குற்றம். இது மோசடி இல்லைதான். ஆனால் ஒரு தடவை வளைந்த கோடு அடுத்த தடவை எங்கே நிற்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எஸ்க்ரோ ஆபிசரின் கைபேசிக்கு முதலில் ஒரு குரல் செய்தி விட்டேன், எட்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். இரண்டே நிமிடத்தில் முடிவு: இன்று நிறுத்துங்கள், கணவர் போட்டதையும் சேர்த்து எல்லாவற்றையும் நாளை ஒரே தேதியில் புதிதாக வாங்குங்கள், பழைய கட்டைக் கிழித்துவிடுங்கள். ஒருவர் வியாழன் ஒருவர் வெள்ளி என்றால் தேதிகளில் குழப்பம் வரும் என்றார். திட்டுவார் என்று பயந்திருந்தேன், "நல்லவேளை கூப்பிட்டீர்கள்" என்றார். கணவரின் மனைவியான அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "உங்க மேல என்ன தம்பி தப்பு, லைசென்ஸை மாத்தாம விட்டது நான்" என்றார். இருந்தாலும் கதவுக்கு அந்தப் பக்கம் போனபோது முறுக்கு வந்த வேகம் இல்லை.

வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 14

புதிய கட்டு அச்சடித்து மதியம் போனேன். இந்த முறை முதலில் ஐடி, முதலில் ஜர்னல். பாஸ்போர்ட்டில் பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரி. டீட் ஆஃப் டிரஸ்ட் என்பதால் ஜர்னலில் இருவருடைய வலது கட்டைவிரல் ரேகையும் வாங்கினேன். ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. நேற்று செய்தது சரிதான் என்ற நினைப்பு வேறு, கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன்.

கட்டில் 'ரத்து செய்யும் உரிமை அறிவிப்பு' என்று ஒரு தாள் உண்டு. குடியிருக்கும் வீட்டின் மேல் இந்த மாதிரி ரீஃபைனான்ஸ் செய்தால், கையெழுத்துப் போட்ட பிறகும் மூன்று வேலை நாள், மூன்றாம் நாள் நள்ளிரவு வரை, காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். அதனால்தான் பணமும் அந்த நள்ளிரவு தாண்டும் வரை வராது. வீட்டில் உரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு பிரதி கொடுக்க வேண்டும், கடன் மனைவி பேரில் இல்லாவிட்டாலும் அவருக்கும் உண்டு. முறையான அறிவிப்பு போய்ச் சேரவில்லை என்றால் அந்த உரிமை மூன்று நாளில் முடியாமல் மூன்று வருடம் வரைகூட நீளும். கடன் கொடுக்கிறவர்கள் இந்த ஒரு தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

தாளில் அச்சாகியிருந்த தேதிகள் வியாழக்கிழமைக்கானவை: பரிவர்த்தனை 13, கடைசி நாள் 18 செவ்வாய். வெள்ளிக்கிழமைக்கு மாற்ற வேண்டும். எஸ்க்ரோவைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் முந்தின இரவுதான் தொந்தரவு செய்தோமே, இது சின்ன விஷயம், நமக்கே தெரியும் என்று விரல் விட்டு எண்ணினேன். இந்தக் கணக்கில் சனிக்கிழமை வேலை நாள், ஞாயிறு இல்லை, அது தெரியும். சனி ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. கடைசி நாள் 18 என்று ஏற்கனவே அச்சாகியிருந்தது, என் எண்ணிக்கையும் அதையே சொன்னது, இரண்டும் பொருந்தியதில் எனக்கு ஒரே திருப்தி. பரிவர்த்தனைத் தேதியை மட்டும் 14 என்று மாற்றி இருவரிடமும் சுருக்கொப்பம் வாங்கினேன்.

17 திங்கள், பிரசிடென்ட்ஸ் டே. கூட்டரசு விடுமுறை, கணக்கில் வராது. சரியான கடைசி நாள் 19 புதன். உண்மையில் இரண்டும் பொருந்தியதே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும்: கையெழுத்து ஒரு நாள் தள்ளினால் கடைசி நாளும் தள்ளத்தானே வேண்டும்? அன்று சாயங்காலம் கட்டைக் கூரியரில் போட்டுவிட்டு நீண்ட வார இறுதிக்குப் போய்விட்டேன். அந்த விடுமுறையைக் கொண்டாடிய எனக்கே அது கணக்கில் வரவில்லை!

செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி 18

காலை பத்து மணிக்கு எஸ்க்ரோ ஆபிசர் கூப்பிட்டார். கடன் கொடுத்தவர் தரப்பில் அறிவிப்பை நிராகரித்துவிட்டார்கள், சரியான தேதியோடு புது அறிவிப்பு கொடுத்து மூன்று நாளை முதலில் இருந்து ஓட்ட வேண்டும் என்கிறார்கள். அன்று மாலையே மூன்றாவது தடவை அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். தேதிகளை இந்த முறை அவர்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். புதன் ஒன்று, வியாழன் இரண்டு, வெள்ளி மூன்று. சனி, ஞாயிறு பணம் அனுப்ப மாட்டார்கள், ஆக 24 திங்கள்.

வட்டியைப் பிடித்து வைத்திருந்த ரேட் லாக் 21 வெள்ளியோடு முடிகிறது.

விளைவு

பாஸ்போர்ட் இல்லை என்று நான் வியாழக்கிழமை நிறுத்தியதால் போனது ஒரு நாள். தேதியை ஒழுங்காக எழுதியிருந்தால் 20 வியாழனே பணம் வந்திருக்கும், லாக்குக்கு உள்ளேயே. பலரையும் சங்கடப்படுத்திய அந்த முடிவால் லாக்குக்கு ஆபத்து வரவில்லை. யாரும் கவனிக்காத என் விரல் கணக்குதான் லாக்கை நீட்டிக்கக் கட்டணம் வைக்கச் செய்தது. அதைப் புரோக்கர் ஏற்றுக்கொண்டார் என்று கணவர் பிறகு சொன்னார். பழைய கடனுக்கு நான்கு நாள் வட்டி கூடுதலாகப் போனது அவர்கள் கையிலிருந்துதான். எனக்கு அதே 100 டாலர்தான், மூன்று நடைக்கும் சேர்த்து. கேட்கவும் வாய் வரவில்லை. அந்தச் சைனிங் கம்பெனியிடம் இருந்து அப்புறம் வேலையே வரவில்லை. பாஸ்போர்ட்டுக்காக நிறுத்தியதாலா, தேதிக்காகவா என்று சொல்லவும் இல்லை. 24-ஆம் தேதி கடன் முடிந்தது.

நான் மாற்றிக்கொண்டது

இந்த வேலையில் இரண்டு தொப்பி இருக்கிறது என்பது எனக்கு அந்த வாரம்தான் புரிந்தது. எதிரே இருப்பவர் யார் என்பதற்கு ஆதாரம் போதுமா என்று முடிவு செய்வது மாநிலம் எனக்குக் கொடுத்த வேலை, அதில் புரோக்கர், எஸ்க்ரோ, எதிர்வீட்டு நண்பர் யாருக்கும் குரல் இல்லை. கடன் பத்திரத்தில் எந்தத் தேதி, எந்தத் தொகை, எந்தத் திருத்தம் என்பது அவர்கள் வேலை, அதில் எனக்குக் குரல் இல்லை. வியாழக்கிழமை என் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை அவர்கள் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

இப்போது உறுதிப்படுத்தும் போனில் "ஐடி இருக்கிறதா" என்று கேட்பதில்லை. "கையில் எடுத்துக்கொள்ளுங்கள், என்ன பெயர் போட்டிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள், எப்போது காலாவதி?" என்று கேட்டு, பத்திரம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நம் ஊர்ப் பெயர் என்றால் பாஸ்போர்ட்டையும் எடுத்துவைக்கச் சொல்கிறேன். வீட்டுக்குள் போனதும் ஜர்னல்தான், காபி அப்புறம். கையெழுத்து நாள் ஒரு நாள் தள்ளினாலும் ரத்துத் தேதியை நானாக எழுதுவதில்லை, எஸ்க்ரோவிடம் எழுத்தில் கேட்டு வாங்குகிறேன், பதில் வராவிட்டால் காத்திருக்கிறேன். ஆனாலும் நாமும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும், அவர்களும் மனிதர்கள்தானே. ஜர்னல் அட்டையின் உள்பக்கம் கூட்டரசு விடுமுறைகளைச் சிவப்பில் வட்டமிட்டு ஒரு காலண்டர் ஒட்டியிருக்கிறேன். அடுத்த வருடம், 2021 ஜூன் 17 அன்று ஜூன்டீன்த் நாளைத் திடீரென்று கூட்டரசு விடுமுறை ஆக்கினார்கள், இரண்டே நாளில், 19 சனிக்கிழமை, அது வந்துவிட்டது. அந்த வாரம் கையெழுத்தான ரீஃபைனான்ஸ்களுக்கெல்லாம் மூன்றாம் நாள் எது என்று கடன் கொடுக்கிறவர்களே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எனக்கு அற்பமாக ஒரு ஆறுதல்.

இரட்டைத் தட்டுப் பிரிண்டரும் வாங்கினேன். வக்கீல் இல்லை என்பதை உட்கார்ந்ததுமே தமிழிலும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மா லைசென்ஸில் பெயரை மாற்ற மார்ச் கடைசியில் லைசென்ஸ் வழங்கும் டி.எம்.வி. அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். மார்ச் நடுவில் ஊரடங்கு வந்தது, கடைசி வாரத்தில் டி.எம்.வி. அலுவலகங்களையும் மூடிவிட்டார்கள். அந்த வருடம் வட்டி இன்னும் இறங்கி, அவர்கள் மறுபடி ஒரு ரீஃபைனான்ஸுக்கு என்னையே கூப்பிட்டபோது, வாசலில் முகக்கவசத்தோடு நின்றவர் நான் கேட்பதற்கு முன்னாலேயே பாஸ்போர்ட்டை நீட்டினார்.